மேட்டூர் மேற்குக் கரையில் இருபத்தொரு முடிச்சு

நடப்பதற்காகப் பஸ் ஏறிப் போகிறவளை எங்கள் வீட்டில் யாரும் புத்தி சரியாக இருப்பவளாக எடுத்துக்கொள்வதில்லை. வாரத்தில் ஆறு நாள் வெயிலில் அலைவதுதானே உன் வேலை, ஏழாவது நாளும் எதற்கு என்று அம்மா கேட்டார். நியாயமான கேள்வி. நான் சேலத்தில் ஒரு தனியார் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். சாலையை அகலப்படுத்தவும் மின்கோபுரம் நிறுத்தவும் மற்றவர்களின் காடு கழனிக்குள் கருவியைத் தூக்கிக்கொண்டு நடப்பதுதான் பிழைப்பு. அந்த நடையில் ஒவ்வோர் அடியும் எண்ணாகிவிடும். எண் இல்லாமல் ஒரு நாள் நடக்க ஆசை. அதுவும் தண்ணீர் ஓரமாக.

எங்கள் ஊர் திருச்செங்கோடு. இந்தியா முழுக்க ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிகள் எங்கள் ஊரிலிருந்துதான் கிளம்புகின்றன. ஆனால் எங்கள் தெருவில் ஆயிரம் அடி போட்டாலும் புழுதிதான் பறக்கும். அப்படிப்பட்ட ஊரில் பிறந்தவளுக்கு மேட்டூர் அணையின் தண்ணீர் கடல் மாதிரி. அணையையும் பூங்காவையும் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். பாலமலைப் பக்கம், காடு இறங்கிவந்து தண்ணீரைத் தொடும் மேற்குக் கரையை நடந்து பார்த்தவர் யாரும் எனக்குத் தெரிந்து இல்லை. சொந்த வண்டி கிடையாது. ஏற வேண்டியது பஸ், நடக்க வேண்டியது கால் என்று முடிவுசெய்தேன்.

சனிக்கிழமை மதியம் கிளம்பினேன். சங்ககிரியில் லாரிகளுக்கு நடுவே அரை மணி நேரம் நின்றோம். எடப்பாடி தாண்டியதும் பஸ்ஸின் முன்பக்கத்திலிருந்து ரப்பர் கருகும் வாசனை வந்தது. பெல்ட் அறுந்துவிட்டதாம். எல்லோரும் இறங்கி, அடுத்து வந்த பஸ்ஸில் ஏற்கெனவே நின்றுகொண்டிருந்தவர்களின் மேல் ஏறினோம். என் காலடியில் ஒரு பையிலிருந்து சேவல் தலையை நீட்டி, மேட்டூர் வரும்வரை என் ஷூ கயிற்றைக் கொத்திக்கொண்டே வந்தது.

மேட்டூரில் பள்ளித்தோழி வீட்டில் தங்கினேன். கூட நடப்பதாக இருந்தவள், கணுக்கால் வீங்கிக் கட்டிலில் கிடந்தாள். அணை மீனை மசாலா தடவி, காய்ந்த எண்ணெயில் போட்டு எடுத்த தட்டு ஒன்று வந்தது. முள்ளை எடுத்தபடியே, அந்தப் பக்கம் சிறுத்தை நடமாடுவதாக இரண்டு வாரமாகப் பேச்சு, தனியாகப் போகாதே என்றாள். நான் இரண்டாவது துண்டை எடுத்துக்கொண்டு சிரித்தேன். ஞாயிறு மாலை அந்தச் சிரிப்பை நினைத்துப் பார்த்தபோது என்மேல் எனக்கே கோபம் வந்தது.

ஞாயிறு காலை டவுன் பஸ். பெண்களுக்குக் காசில்லாத சீட்டைக் கிழித்துத் தந்த கண்டக்டர், இறங்குமிடத்தைக் கேட்டதும் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அங்க யாரூட்டுக்குப் போற?"

"யாரூட்டுக்கும் இல்லீங்க. கரையோரமா நடக்கப்போறேன்."

"நடக்கறதுக்கு எதுக்கும்மா பஸ்ல வந்த?" என்றார். பஸ்ஸே சிரித்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, சாயங்காலம் அஞ்சரைக்குத் திரும்பும் வண்டிதான் கடைசி, அதை விட்டால் மறுநாள் காலைதான் என்றார். ஊரில் தங்க இடம் கிடையாது, பொழுது சாய்ந்தால் ஊர்க்காரர்களே வெளியில் வருவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டார்.

பக்கத்து இருக்கையில் நாற்பது வயது மதிக்கத்தக்க பெண். மடியில் இரண்டு மூட்டை விதை. பெயர் பூங்கொடி. நான் திருச்செங்கோடு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது. அவர் கணவர் எங்கள் ஊர் ரிக் வண்டியில்தான் வேலைக்குப் போயிருக்கிறார். இப்போது சத்தீஸ்கரில் எங்கோ. உறவு பிடிபட்ட மாதிரி, பையிலிருந்து வெள்ளரிப்பிஞ்சு ஒன்றை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்துக் கொடுத்தார்.

அந்தப் பிஞ்சு விளைந்தது அணைக்குள்ளே. தண்ணீர் இறங்க இறங்க, வெளியே வரும் வண்டல் நிலத்தில் கரையோர ஊர்க்காரர்கள் சோளமும் எள்ளும் தட்டைப்பயறும் போடுகிறார்கள். தண்ணீர் ஏறினால் எல்லாம் மூழ்கும். அவர் மாமனார் காலத்திலிருந்து ஒரு துண்டு இவர்கள் கையில் இருக்கிறது. பட்டாவோ வேறு எந்தக் காகிதமோ கிடையாது.

"தண்ணி எறங்குனா எங்களுது, ஏறுனா அணையுது கண்ணு. யாராச்சும் வந்து அளந்து இது ஆருதுன்னு கேட்டா, வாயத் தொறக்க முடியாது. அது ஒண்ணுதான் பயம்" என்றார். அந்தச் சோளம் இல்லையென்றால் கணவர் பணம் அனுப்பாத மாதங்களில் வீட்டில் உலை வைக்க வேறு வழியில்லை என்பதையும் மறைக்காமல் சொன்னார். பிறகு என் வேலை என்ன என்று கேட்டார்.

கம்ப்யூட்டர் வேலை என்றேன்.

எங்கள் தொழிலில் இது பழக்கம். பஸ்ஸில், டீக்கடையில், யார் கேட்டாலும் சர்வேயர் என்று சொல்லக்கூடாது என்பது வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே மூத்தவர்கள் சொல்லித்தருவது. சொன்னால் ஒன்று அழுவார்கள், இல்லை அடிக்க வருவார்கள். எனக்கு அன்றைக்கு விடுமுறை என்பது நினைவுக்கு வருவதற்குள் வாய் சொல்லிவிட்டது.

இறங்குமிடத்தில் ஒரே ஒரு டீக்கடை. இரண்டு இட்லியும், தட்டுவடைக்கு நடுவே துருவிய பீட்ரூட் வைத்த செட்டும் சாப்பிட்டேன். சேலத்துத் தட்டுவடையில் இருக்கும் புளிப்பு இதில் இல்லை. காரம் மட்டும் இரண்டு மடங்கு. பூங்கொடி விதை மூட்டையோடு ஒரு பக்கம் போனார். நான் கரையில் இறங்கினேன்.

முதல் ஒரு மணி நேரத்தை என் வாழ்க்கையின் நல்ல மணிகளில் ஒன்றாக எழுதிவைக்கலாம். இடப்பக்கம் காடு, வலப்பக்கம் வெடித்துக் காய்ந்த வண்டல், அதில் இடுப்பளவு சோளம், அதற்கும் அப்பால் ஈயம் உருக்கி ஊற்றிய மாதிரி தண்ணீர். எதிர்க்கரையில் தர்மபுரிப் பக்கத்து மலைகள். கரையில் ஈட்டியோடு நிற்கும் ஆளுயர முனியப்பன். யாரையும் பார்க்கவில்லை.

பிறகு தண்ணீர் ஒரு நீண்ட நாக்கைக் காட்டுக்குள் நீட்டியிருந்தது. சுற்றினால் மணிக்கணக்காகும், ஓரமெல்லாம் முழங்கால் சேறு. குறுக்கே காட்டு மேட்டில் ஏறி அந்தப்பக்கம் இறங்கலாம் என்று பட்டது. ஒற்றையடித் தடங்கள் ஆட்டுக்கால் போன திசையெல்லாம் பிரிந்தன. திரும்பிவர அடையாளம் வேண்டுமே என்று பைக்குள் கை விட்டேன். அலுவலகத்துப் பையேதான் அது. உள்ளே ஆரஞ்சு நிற டேப் ஒரு சுருள் கிடந்தது. அளக்கும் இடத்தில் குச்சியிலும் மரத்திலும் நாங்கள் கட்டுகிற பளபளப்பான பிளாஸ்டிக் நாடா. கரையோரம் மூன்று மரத்தில் கட்டினேன். காட்டுக்குள் நுழைந்து கிளைக்குக் கிளை கட்டிக்கொண்டே போனேன். கை தானாகச் செய்தது. மொத்தம் இருபத்தொன்று.

மேட்டின் அந்தப் பக்கம் பாறை ஒன்றில் உட்கார்ந்து, கட்டிவந்த தயிர்சாதத்தைத் தின்றுவிட்டு, தோழிக்குக் காட்ட வீடியோ எடுத்தேன். பாலமலையைப் பின்னால் நிறுத்தி, இந்தக் கரையிலிருந்து அந்தத் திட்டு எண்ணூறு மீட்டர் இருக்கும், அதோ அந்த வளைவு ஒன்றரைக் கிலோமீட்டர் என்று உரத்த குரலில் விளக்கினேன். எண் இல்லாமல் நடக்க வந்தவளின் லட்சணம் இது. சிக்னல் தேடித்தேடி ஏற்கெனவே பாதி செத்திருந்த போன், வீடியோ முடியும் முன்பே அணைந்தது.

இரண்டரைக்குத் திரும்பினேன். இருபத்தொன்றாவது முடிச்சு இருந்தது. இருபது, பத்தொன்பது, பதினெட்டு இருந்தன. பதினேழு இல்லை.

மரத்தைத் தவறவிட்டுவிட்டேன் என்றுதான் நினைத்தேன். திரும்பிப் பதினெட்டுக்குப் போய் மறுபடி வந்தேன். மரம் அதேதான், பட்டையில் டேப் அழுத்திய கோடு தெரிந்தது. அடுத்ததிலும் கோடு மட்டும். சிறுத்தை முடிச்சு அவிழ்க்காது. குரங்கு அவிழ்த்திருந்தால் துணுக்கு கீழே கிடந்திருக்கும். கீழே எதுவுமே இல்லை.

குனிந்து பார்த்தேன். என் ஷூ தடத்தின் மேல் ஒரு வெறுங்கால் தடம். என் குதிகால் பதிந்த இடத்திலேயே அந்தப் பெருவிரல் அழுந்தியிருந்தது. யாரோ எனக்குப் பின்னால், நான் பார்க்காமல், நான் போன வழியெல்லாம் வந்திருக்கிறார்கள். நான் சோறு தின்னும்போதும் அந்தக் கண் என்மேல் இருந்திருக்கிறது.

அதுவரை காட்டில் சத்தம் இருந்ததாகவே எனக்குத் தோன்றவில்லை. அதற்குப் பிறகு ஒவ்வொரு சருகும் கேட்டது.  கத்தலாம் என்றால், யார் காதில் விழவேண்டும், யார் காதில் விழக்கூடாது என்று தெரியவில்லை. கல் ஒன்றை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டேன். முள் கிளையை விலக்கும்போது அதைக் கீழே போட்டுவிட்டேன்.

தடங்கள் மூன்றாகப் பிரிந்த இடத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து நடந்தேன். அது முள் புதரில் முடிந்தது. இரண்டாவது, யானைச் சாணம் காய்ந்து கிடந்த ஒரு பள்ளத்தில் கொண்டுபோய் விட்டது. சாணம் பழையது என்று எனக்கு நானே மூன்று முறை சொல்லிக்கொண்டேன். கைக்கடிகாரத்தில் மணி நான்கைத் தாண்டியது. அஞ்சரை பஸ் போய்விட்டால் இந்த மரங்களுக்கு நடுவே இருட்டு வரும்.

பிரிவுக்குத் திரும்பி ஓடிவந்தேன். அப்போதுதான் புரிந்தது. அந்த வெறுங்கால் வந்த வழியே திரும்பிப் போயுமிருந்தது. போகும் தடம், வரும் தடம் இரண்டும் மூன்றாவது பாதையில் இருந்தன. எந்த ஆளுக்குப் பயந்து நடுங்கினேனோ, அந்த ஆளின் காலடிதான் எனக்கு இருந்த ஒரே வழி. குனிந்த தலை நிமிராமல் அந்தத் தடத்தின் விரல்களை எண்ணிக்கொண்டு நடந்தேன். ஒரு இடத்தில் அந்தக் கால்கள் நின்று, திரும்பி, மறுபடி நடந்திருந்தன. நானும் அங்கே நின்று திரும்பிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை.

காடு விட்டுக் கரைக்கு வந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. முனியப்பன் சிலையருகே ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். சிலையின் காலடியில் என் ஆரஞ்சு நாடாக்கள் ஒரு கொத்தாகக் கிடந்தன. பக்கத்தில் கருக்கரிவாளோடு பூங்கொடி.

"வாங்க மேடம்" என்றார்.

காலையில் கண்ணு என்று அழைத்த வாய். அந்த மேடத்தைக் கேட்டதும் ஓர் அடி பின்வாங்கினேன்.

வழி மறக்காமலிருக்கக் கட்டியது என்று வேகவேகமாகச் சொன்னேன்.  பூங்கொடியின் ஓரகத்தி ராசாத்தி நாடாக் கொத்தைக் காலால் தள்ளினாள்.

"மேல ரோட்டுக்கு அளந்தப்பவும் இதே நாடாதான் கட்டுனாங்க. கம்ப்யூட்டர்காரிக்கு இது எங்கீங்க கெடச்சுது?"

நான் கட்டிய முதல் மூன்று மரங்கள் வெறும் மரங்கள் அல்ல என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன். இந்த நிலத்தில் எல்லைக்கல் நட முடியாது. ஒரு வெள்ளம் வந்தால் வண்டல் மூடிவிடும். அதனால் கரையில் உள்ள ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து நின்று, எதிர்க்கரை மலையில் ஒரு பள்ளத்தையோ மொட்டைப் பாறையையோ நேராகப் பார்ப்பார்கள். கண் போகிற கோடுதான் வரப்பு. தண்ணீர் இறங்கும் ஒவ்வொரு முறையும் எல்லோரும் சேர்ந்து நின்று பார்த்து ஒத்துக்கொள்வார்கள். பூங்கொடியின் கோடு இரண்டாகக் கிளை பிரிந்த கவட்டை வேலமரத்திலிருந்து கிளம்புகிறது. என் முதல் முடிச்சு அந்தக் கவட்டையில்.

மதியம் அதைப் பார்த்த பூங்கொடி அறுத்துக்கொண்டு, எதுவரை அளந்திருக்கிறார்கள் என்று காட்டுக்குள் ஒவ்வொன்றாக அறுத்தபடியே வந்திருக்கிறார். பாறைமேல் என் குரல் எண்ணூறு மீட்டர் என்று சொல்வது கேட்டிருக்கிறது. அதற்குமேல் வர அவருக்குக் கால் வரவில்லை.

"எத்தன பேரு வந்திருக்கீங்களோன்னு பயந்துட்டேதான் வந்தனுங்க. திரும்பறப்ப ஓட்டமும் நடையுந்தான்."

அரிவாளை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை. 

ராசாத்தி சிலைக்கு முன்னால் இருந்த கல்லில் சூடத்தை வைத்துப் பற்றவைத்தாள். அளக்க வரவில்லை என்று அதை அணைத்துச் சத்தியம் செய்யவேண்டும். சாமி கும்பிடுவதில் எனக்குப் பெரிய பிடிப்பு இல்லை. கையை நீட்டிவிட்டேன். சொல்லப்போவது உண்மைதானே. ஆனால் அந்தச் சின்ன நெருப்பின் சூடு உள்ளங்கையில் ஏறியபோது, காலையில் சொன்ன பொய்யை வயிற்றில் வைத்துக்கொண்டு இதை அணைக்க முடியாது என்று தோன்றியது. சொன்னால் அடி விழுமோ என்ற பயமும் அதே அளவு இருந்தது.

"அக்கா, நான் சர்வேயர்தானுங்க. காலையில பொய் சொன்னேன். ஆனா இன்னிக்கு அளக்க வரல."

சொல்லிவிட்டு உள்ளங்கையால் அடித்து அணைத்தேன். சுட்டது.

பின்னாலிருந்து ஒரு ஆள் அலுவலகத்தின் பெயரைக் கேட்டான். இன்னொருவன் என்னைப் படம் எடுத்தான். கரைக்கு மேலே ரோட்டில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. யாரும் நகரவில்லை. நகர எனக்கும் தைரியமில்லை.

பூங்கொடி இன்னொரு சூடத்தை எடுத்துத் தானே பற்றவைத்தார்.

"இனிமேலும் அளக்க வரமாட்டேன்னு சொல்லு."

மேடம் என்ற சொல் போய்விட்டதை நான் கவனித்தேன். அணைத்துவிட்டால் போதும், பஸ்ஸில் ஏறிவிடலாம். கையை நீட்டினேன். ஆனால் திங்கட்கிழமை எந்த ஊர் வரைபடம் என் மேசைக்கு வரும் என்று எனக்கே தெரியாது. போகமாட்டேன் என்றால் வேலை போகும், இன்னொருவர் போவார். நான் கையை எடுக்கவுமில்லை, வைக்கவுமில்லை. சூடம் அதுபாட்டுக்கு எரிந்து, கல்லில் கருப்பு வட்டம் விட்டு அணைந்தது.

"முடியலீங்கக்கா" என்றேன்.

ராசாத்தி ஏதோ வைதாள். பூங்கொடி அந்தக் கருப்பு வட்டத்தைக் கட்டைவிரலால் துடைத்தார். பிறகு என் மணிக்கட்டைப் பிடித்துக் கரையோரம் இழுத்துக்கொண்டு போனார். தண்ணீர்ப் பக்கம் இழுக்கிறாரோ என்று குதிகாலை ஊன்றிப் பார்த்தேன். வேலமரத்தின் கவட்டையில் என் முதுகைச் சாய்த்து நிறுத்தி, என் முகவாயைப் பிடித்து எதிர்க்கரைக்குத் திருப்பினார்.

"அந்த ரெண்டு முகட்டுக்கு நடுவால பள்ளம் தெரியுதா?"

தெரிந்தது. அங்கிருந்து எழுபது தப்படி நடத்தி, ஒரு வேப்பமரத்தில் சாய்த்தார். அங்கிருந்து மொட்டைப் பாறை. இரண்டு கோட்டுக்கும் நடுவே, மாலைக் காற்றில் அவருடைய சோளம் அசைந்தது. அளந்தால் ஒரு ஏக்கருக்கும் கம்மி. அளக்காதே என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன்.

"ஆராச்சும் வரத்தான் போறாங்க. ஒண்ணுந் தெரியாதவன் வந்தா எங்களுது எதுன்னு கூடத் தெரியாம போயிரும். உன்ற ஆபீசுக்கு எங்க ஊர் பேரு வந்தா, வேற ஆள அனுப்பாத. நீயே வா. வந்து, இந்தக் கோட்டத்தான் மொத எழுதோணும்."

எழுதினாலும் சட்டப்படி அது செல்லுமா என்று எனக்கு நிச்சயமில்லை என்றேன். செல்லாட்டிப் போகுது, இருந்ததுன்னு ஒரு காயிதத்துல இருக்கட்டும் என்றார். அதற்கு நான் தலையாட்டினேன். சூடம் எதுவும் கொளுத்தவில்லை.

பஸ் எனக்காகப் பத்து நிமிடம் நின்றிருந்தது. நடந்து முடிச்சாச்சா என்று கேட்டபடி கண்டக்டர் சீட்டைக் கிழித்தார்.  காடு ஜன்னலுக்கு வெளியே இருட்டிக்கொண்டே வந்தது. கண்ணை மூடி, கவட்டை, பள்ளம், வேம்பு, மொட்டைப் பாறை என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். மேட்டூர் வருவதற்குள் ஒரு தடவை வேம்பு விட்டுப்போனது. மறுபடி கவட்டையிலிருந்து ஆரம்பித்தேன்.

அந்த ஊரின் பெயரையும் போகும் வழியையும் இங்கே நான் எழுதவில்லை. எழுதாமலிருப்பதால் அந்த நிலத்துக்கு எந்தக் காவலும் இல்லை என்பது தெரியும்.

திங்கட்கிழமைகளில் அலுவலகத்தில் அந்த வாரத்துக்கான ஊர்ப் பட்டியலைச் சுவரில் ஒட்டுவார்கள். முன்பெல்லாம் எந்த ஊரில் நல்ல சாப்பாடு கிடைக்கும் என்று பார்ப்பேன். இப்போது ஒன்பது மணிக்கே போய், பையைக்கூடக் கழற்றாமல், மேலிருந்து கீழே விரல் வைத்துப் படிக்கிறேன். இதுவரை அந்தப் பெயர் வரவில்லை. கடைசி வரிக்கு வந்ததும், கவட்டை, பள்ளம், வேம்பு, மொட்டைப் பாறை என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் பையைக் கழற்றுகிறேன்.